ஏடும் தாளும் மின்வடிவமும்
தம்ம நூல்களைக் காக்கும் முறை பற்றிய ஒரு பாடம்



சென்ற பௌர்ணமிக் கூட்டத்தின் முடிவில் நம் பெங்களூர்ச் சங்கத்து இளைஞர் ஒருவர் ஒரு கேள்வியை எழுப்பினார். நம் வாசகசாலையில் உள்ள பழைய பத்திரிகைகளையும் துண்டுப் பிரசுரங்களையும் ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றிவிட்டால், அலமாரிகளை அடைத்துக்கொண்டிருக்கும் தாள்களை எடைக்குப் போட்டுவிடலாமன்றோ என்பதே அக்கேள்வி. இடமோ குறைவு, வாடகையோ அதிகம், செல்லும் இராமபாணப் பூச்சியும் ஓயாத தொல்லை. ஆதலின் கேள்வி நியாயமானதே. ஆயினும் அங்கிருந்த முதிய உபாசிகை ஒருவர் எழுந்து, "தம்பி, நீ சொல்லுவதை நாங்கள் ஒருமுறை செய்து பார்த்துவிட்டோம்" என்று மட்டும் கூறி அமர்ந்துவிட்டார்.

அவர் குறிப்பிட்டது யாதெனில்: ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன், கோலார் தங்கவயலில் உழைத்து ஓய்ந்த பெரியவர் ஒருவரின் டிரங்குப் பெட்டி நம்மிடம் வந்தது. அதில் பழைய தமிழ்ப் பௌத்த வெளியீடுகள் நிறைந்திருந்தன. அவற்றை ஒரு கடையில் கொடுத்து ஸ்கேன் செய்வித்து, குறுந்தகடு என்னும் சி.டி. இரண்டில் பதிந்துகொண்டோம். தாள்கள் தொட்டால் பொடியும் நிலையில் இருந்தமையால் அவற்றைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டோம். சில ஆண்டுகள் கழித்து, ஒரு கட்டுரையைத் தேட வேண்டி அத்தகட்டை எடுத்தபோது கணினி அதைப் படிக்க மறுத்தது. மற்றொரு தகடு அக்குடும்பத்தார் வீடு மாறியபோது தொலைந்துபோயிற்று. அப்பெட்டியில் இருந்தவை எவை என்னும் பட்டியல்கூட இன்று நம்மிடம் இல்லை. கடைக்காரரைக் குறை கூறுவதற்கில்லை, குறை நம்முடையதே.

ஆகவே இம்மாதப் பாடத்தில், நூல்களை நெடுங்காலம் காப்பதற்குத் தாள் முதலிய பொருள்வடிவம் சிறந்ததா, கணினியில் ஏறிய மின்வடிவம் சிறந்ததா என்பதை முறையாக ஆராய்வோம்.

1. நம் முன்னோர் காத்த விதம்

பகவான் புத்தரின் உபதேசம் முதலில் எந்தப் பொருளிலும் எழுதப்படவில்லை. பிக்ஷுக்கள் கூடி ஒருங்கே ஓதி, நினைவிலே காத்தனர். தீக நிகாயத்தை ஓதுவோர் ஒரு குழுவினர். மஜ்ஜிம நிகாயத்தை ஓதுவோர் மற்றொரு குழுவினர். இவர்களைப் பாணகர் என்பர். பலர் சேர்ந்து ஓதுகையில் ஒருவர் சொல் பிறழ்ந்தால் மற்றவர் செவிக்கு அது உடனே தெரிந்துவிடும். ஒருவர் மறைந்தாலும் பாடம் மறையாது. அவரிடம் கற்ற மாணாக்கர் அதனைத் தொடர்வர். ஆதலின் படிகள் பல, ஒன்றோடொன்று ஒப்பிடுதல், புதிய தலைமுறைக்கு மாற்றிக் கொடுத்தல் ஆகிய மூன்றும் எழுத்தில்லாத அக்காலத்திலேயே நம் சங்கத்தில் அமைந்திருந்தன. இம்மூன்றையும் மனத்தில் இருத்திக்கொள்க; பின்னர் வரும் யாவும் இவற்றின் விரிவே.

இம்முறைக்கும் ஆபத்து நேர்ந்தது. இலங்கையில் கொடிய பஞ்சமும் போரும் வந்தபோது பிக்ஷுக்கள் பலர் மாண்டனர். மகாநித்தேசம் என்னும் நூலை முழுதும் அறிந்தவராய் ஒரே ஒரு பிக்ஷுவே எஞ்சினார் என்றும், அவரோ ஒழுக்கம் குன்றியவர் என்றும், நூல் அழிந்துவிடுமே என்னும் கவலையால் நற்சீலமுடைய தேரர் மனம் ஒவ்வாதிருந்தும் அவரிடம் சென்று பாடம் கேட்டார் என்றும் விநய அட்டகதை கூறுகின்றது. ஒரு நூலுக்கு ஒரே ஒரு படி இருப்பது எத்துணை அபாயம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. கி.மு. முதல் நூற்றாண்டில், மாத்தளைக்கு அருகிலுள்ள அலு விகாரையில், திரிபிடகம் ஓலைகளில் எழுதப்பட்டது. எழுதிய பின்னரும் ஓதுதலை அவர்கள் நிறுத்திவிடவில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது.

பர்மாவில் மிண்டோன் அரசர் ஓலையையும் நம்பாது கல்லை நாடினார். மண்டலே நகரில் குதோடா விகாரையில் 729 பளிங்குக் கற்பலகைகளில் திரிபிடகம் முழுவதும் வெட்டப்பட்டு, 1868-இல் அப்பணி நிறைவெய்தியது. எழுத்துக்களில் பொன் பூசப்பட்டிருந்தது. 1885-இல் ஆங்கிலேயர் மண்டலேயைக் கைப்பற்றிய பின் அப்பொன் சூறையாடப்பட்டது. பொன் போயிற்று, கல்லும் எழுத்தும் நின்றன. பின்னர் இரங்கூனில் 1954 முதல் 1956 வரை நடந்த ஆறாவது சங்காயனத்தில் பாடங்கள் மீண்டும் ஒப்பிடப்பட்டு அச்சேறின. அந்தப் பாடமே 1990-களில் இகத்புரியிலுள்ள விபஸ்ஸனா ஆராய்ச்சி நிலையத்தாரால் கணினியில் ஏற்றப்பட்டது. இன்று தமிழ் எழுத்திலும் அதனைப் படிக்கலாம். நினைவு, ஓலை, கல், அச்சு, மின்வடிவம் என ஒரே நூல் ஐந்து உடல்களை எடுத்திருக்கின்றது. புதிய உடல் வந்தபோது பழையதை எவரும் எறிந்துவிடவில்லை.

2. தமிழ்ப் பௌத்தர் இழந்ததும் காத்ததும்

தமிழ்நாட்டு நிலையோ வேறு. மணிமேகலை ஓலையில் தப்பி, 1898-இல் உ. வே. சாமிநாதையரால் அச்சேறிற்று. புத்தமித்திரர் இயற்றிய வீரசோழியம் என்னும் இலக்கணத்தை யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளை 1881-இல் அச்சிட்டார். ஆனால் ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாகிய குண்டலகேசி முழுமையாகக் கிடைக்கவில்லை. அதன் செய்யுள்களில் சில புறத்திரட்டிலும், சில நீலகேசியின் உரையிலும் எஞ்சின. நீலகேசியோ குண்டலகேசியை மறுப்பதற்கு எழுந்த சமண நூல். நம்மை மறுக்க வந்தவரே நம் நூலின் துணுக்குகளைக் காத்துக் கொடுத்தனர். காக்க வேண்டிய நாமோ அப்போது இல்லாதொழிந்தோம். விம்பசார கதையும் சித்தாந்தத் தொகையும் பெயரளவில் நிற்கின்றன. ஓலை தானே அழிவதன்று. அதனைப் பெயர்த்தெழுதும் சமூகம் சிதறும்போதே அது அழிகின்றது.

இருபதாம் நூற்றாண்டில் நம் சமூகம் மீண்டும் எழுந்தபோது நிகழ்ந்ததை இனிக் காண்போம். பண்டிதர் அயோத்திதாசர் 1898-இல் இலங்கை சென்று பௌத்தம் தழுவித் திரும்பி, சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907 ஜூன் 19-ஆம் நாள் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். மறு ஆண்டு முதல் அது 'தமிழன்' என்னும் பெயருடன் வெளிவந்தது. 1914-இல் பண்டிதர் மறைந்தார். பின்னர் 1926-இல் கோலார் தங்கவயலில் ஜி. அப்பாதுரையார் அப்பத்திரிகையைப் புதுப்பித்து நடத்தினார். தங்கவயலில் நிறுவப்பட்ட சித்தார்த்த அச்சகமும் புத்தகசாலையும் பண்டிதரின் நூல்களைச் சிறு பிரசுரங்களாக மீண்டும் மீண்டும் அச்சிட்டன.

பத்திரிகைத் தாள் மலிவானது. ஒரு வாரம் படித்துவிட்டுப் பொட்டலம் கட்டுவதற்கென்றே ஆனது. பெரிய நூலகங்கள் ஒடுக்கப்பட்டோர் பத்திரிகையைப் போற்றிச் சேர்த்துவைக்கும் காலமும் அதுவன்று. பின் எவ்வாறு அது தப்பியது? சுரங்கத்தில் பல நூறு அடிக்குக் கீழே உழைத்துவிட்டு மேலேறி வந்த தொழிலாளர், தங்கள் சிறு குடியிருப்புகளில், தகரப் பெட்டிகளில், அவ்விதழ்களைப் பத்திரப்படுத்தினர். எழுத்தறியாதோர் பிறரைக் கொண்டு படிக்கச் செய்து கேட்டனர். தங்கவயலிலும் பெங்களூரிலும் சென்னையிலும் இவ்வாறு சிதறியிருந்த படிகள் பலவாதலின், ஓரிடத்தில் அழிந்தது மற்றோரிடத்தில் எஞ்சியது. பழைய பௌத்தக் குடும்பத்தார் காத்து வைத்த அவ்விதழ்களைத் தேடித் திரட்டி, ஞான. அலாய்சியஸ் 'அயோத்திதாசர் சிந்தனைகள்' என்னும் தொகுதிகளாகப் பதிப்பித்தார். முதல் இரு தொகுதிகள் 1999-இல் பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்தால் வெளியிடப்பட்டன. அதன் பின்னரே தமிழுலகம் பண்டிதரைப் பெரிதும் அறிந்தது. 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் தங்கவயல் சுரங்கம் மூடப்பட்டது. குடும்பங்கள் பல இடம் பெயர்ந்தன. அத்தொகுப்புப் பணி ஒரு பத்தாண்டு தாமதித்திருந்தால் எத்தனை பெட்டிகள் எடைக்குப் போயிருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பேராசிரியர் பொ. இலட்சுமி நரசு எழுதி 1907-இல் வெளிவந்த பௌத்த சாரம் என்னும் ஆங்கில நூலின் வரலாறும் இத்தகையதே. அது கிடைத்தற்கரியதாய்விட்ட காலத்தில் பாபாசாகேப் அம்பேத்கர் 1948-இல் அதன் மூன்றாம் பதிப்புக்கு முகவுரை எழுதி வெளிவரச் செய்தார். மறுபதிப்பும் ஒருவகைப் பாதுகாப்பே என்பதை அப்பெரியார் செயலால் காட்டினார்.

3. பொருள்வடிவத்தின் குணமும் குற்றமும்

ஓலை, தாள், கல் ஆகியவற்றின் முதற்குணம், அவற்றைப் படிக்க இடையில் வேறு கருவி வேண்டுவதில்லை என்பதாம். கண்ணும் வெளிச்சமும் மொழியறிவும் இருந்தால் போதும். இரண்டாவது குணம், அவை மெல்ல மெல்லக் கெடுகின்றன. கெடுவது கண்ணுக்குத் தெரிகின்றது. ஓரம் பழுத்த தாளைக் கண்டு நாம் எச்சரிக்கை அடையலாம். ஒரு மூலை அரிக்கப்பட்டாலும் எஞ்சிய பகுதியைப் படிக்கலாம். மூன்றாவது குணம், மூலப் பிரதி தானே சாட்சியாய் நிற்பது. அச்சு எழுத்தின் வடிவம், விளம்பரங்கள், சந்தாதாரர் ஓரத்தில் எழுதிய குறிப்பு ஆகிய யாவும் வரலாறே. படத்தில் ஐயம் எழுந்தால் மூலத்தைப் பார்த்துத் தெளியலாம்.

குற்றங்களும் உண்டு. நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் ஓலை சில நூற்றாண்டுகளுக்குள் நொறுங்கிவிடும். ஆதலால்தான் பெயர்த்தெழுதும் வழக்கம் இருந்தது. பத்திரிகைத் தாள் மரத்தை அரைத்த கூழால் ஆனது. மரத்திலுள்ள லிக்னின் என்னும் பொருள் வெளிச்சமும் காற்றும் பட்டு மஞ்சளாகின்றது. தாளில் உள்ள அமிலம் நாரை அறுத்துப் பொடியாக்குகின்றது. பெங்களூர் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் சென்னையைவிட இங்குத் தாள் சற்று நீடிக்கும். எனினும் மழைக்காலத்து ஈரமும் செல்லும் இவ்வூரை விட்டுவைப்பதில்லை. தீயோ ஒரே இரவில் யாவற்றையும் விழுங்கும். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் மீண்டும் பெறமுடியாத ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. வேறிடத்தில் படி இல்லாத சுவடிக்கு அன்றே முடிவு நேர்ந்தது.

இடைப்பட்டதொரு வழி மைக்ரோபிலிம். பாலியெஸ்டர் பிலிமில் வெள்ளி உப்பால் பதிந்த படம், குளிர்ந்த உலர்ந்த அறையில் வைத்தால், பல நூற்றாண்டு நிற்கும் என மதிப்பிடப்படுகின்றது. அதைப் படிக்க ஓர் ஒளியும் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியுமே போதும். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் தம் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களைச் சிகாகோ பல்கலைக்கழகம் 1994-இல் பெற்று, அவற்றை வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்லாது சென்னையிலேயே நூலகமாக அமைத்தது. அங்கு நூல்கள் மைக்ரோபிலிமாக எடுக்கப்பட்டன, மூலங்களும் காக்கப்படுகின்றன.

4. மின்வடிவத்தின் குணமும் குற்றமும்

மின்வடிவத்தின் முதற்குணம், எத்தனை முறை பெயர்த்தாலும் படி தேய்வதில்லை என்பது. ஓலையைப் பெயர்த்தெழுதுவோர் ஒரு சொல்லைத் தவறவிடலாம். கணினியில் நூறாவது படியும் முதற்படியை ஒத்திருக்கும். இரண்டாவது, பெங்களூரில் உள்ள நூலை அதே நொடியில் டர்பனிலும் சிங்கப்பூரிலும் உள்ள சகோதரர் படிக்கலாம். மூன்றாவது, ஒரு சொல்லை ஆயிரம் பக்கங்களில் நொடியில் தேடிப் பிடிக்கலாம். பழுத்த மூலத்தை அடிக்கடி புரட்டாமலே ஆராயலாமாதலின், மின்வடிவம் மூலத்துக்கும் பாதுகாப்பாகின்றது. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், 2005-இல் தொடங்கிய ஈழத்து நூலகம் திட்டமும் தமிழுக்குச் செய்துள்ள நன்மை சொல்லிமுடியாது.

இனிக் குற்றங்களைக் கூறுவோம்.

ஒன்று, மின்வடிவம் படிக்கும் கருவியைச் சார்ந்தே வாழ்கின்றது. இங்கிலாந்து அரசர் 1086-இல் எடுப்பித்த நிலக்கணக்கு ஏட்டை இன்றும் படிக்கலாம். அதன் 900-ஆம் ஆண்டு நினைவாக பி.பி.சி. நிறுவனத்தார் 1986-இல் அந்நாட்டைப் பற்றிய புதுத் தொகுப்பொன்றை லேசர் தட்டில் பதித்தனர். பதினைந்தே ஆண்டுகளில் அத்தட்டைப் படிக்கும் யந்திரம் கிடைப்பது அரிதாயிற்று. அறிஞர் பெரிதும் முயன்றே அதனை மீட்டனர். தோல் ஏடு 900 ஆண்டு. லேசர் தட்டு 15 ஆண்டு.

இரண்டு, எழுத்துக் குறியீடு. 1990-களில் தமிழ்க் கணினியில் ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறியீடு இருந்தது. அன்று தட்டெழுதிய கோப்பை இன்று திறந்தால், உரிய எழுத்துரு இல்லாவிடில், பொருளற்ற குறிகளே தோன்றும். யூனிகோடு முறை பரவிய பின்னரே இக்குழப்பம் பெரிதும் தீர்ந்தது. தமிழ்நாட்டு அரசும் 2010-இல் அதனைத் தரமாக ஏற்றது. ஓலையில் ஒரு புள்ளி விடுபட்டால் கற்றோர் ஊகித்துப் படிப்பர். குறியீடு தெரியாத கோப்பை ஊகிப்பது பொதுவாசகர்க்கு இயலாது.

மூன்று, தாங்கும் பொருள் அற்பாயுள் உடையது. வீட்டில் பதியும் சி.டி.யில் எழுத்தைத் தாங்குவது ஒரு சாயப் படலமே; வெப்பத்திலும் வெளிச்சத்திலும் அது மங்கிவிடும். ஹார்ட் டிஸ்க் சில ஆண்டுகளே நம்பத்தக்கது. பென்டிரைவ் மின்னேற்றத்தால் நினைவைத் தாங்குவது. பல ஆண்டு பெட்டியில் உறங்கினால் அது மறந்துவிடக்கூடும். கெடுவதற்கு முன் இவை யாதோர் அடையாளமும் காட்டாமலிருக்கலாம்.

நான்கு, பிறர் கையில் இருப்பது பிறர் விருப்பப்படியே இருக்கும். இதற்குச் சான்று நம் பெங்களூரிலேயே உண்டு. இந்திய விஞ்ஞானக் கழகம் முன்னின்று நடத்திய 'டிஜிட்டல் லைப்ரரி ஆப் இந்தியா' திட்டத்தில், தமிழ் உட்படப் பல மொழி நூல்கள் இலட்சக்கணக்கில் ஸ்கேன் செய்யப்பட்டு இலவசமாகக் கிடைத்தன. தமிழாராய்வோர் பலருக்கு அது கற்பகத்தருவாய் விளங்கிற்று. 2017-இல் பதிப்புரிமைச் சிக்கலின் பொருட்டு அத்தளத்தின் சேவை நிறுத்தப்பட்டது. அவ்வாண்டிலேயே, நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட நூல்களின் படிகள் கார்ல் மாலமுட் என்பாரின் முயற்சியால் சான்பிரான்சிஸ்கோவிலுள்ள இண்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் ஏற்றப்பட்டன. அதனாலேயே அந்நூல்கள் பல இன்றும் நமக்குக் கிடைக்கின்றன. அந்த இண்டர்நெட் ஆர்க்கைவும் 2024 அக்டோபரில் கணினித் திருடரால் தாக்கப்பட்டுச் சில நாட்கள் முடங்கிக் கிடந்தது. காக்கும் இடத்துக்கும் காவல் வேண்டியிருக்கின்றது.

5. ஒரே நாட்டில் இரு காட்சிகள்

கொரியாவில் திரிபிடகத்தை மரப்பலகைகளில் செதுக்கி வைத்திருந்தனர். 1232-இல் மங்கோலியர் படையெடுப்பில் அப்பலகைகள் எரிந்தன. மனம் தளராது, அந்நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் அவர்கள் மீண்டும் அனைத்தையும் செதுக்கி முடித்தனர். அப்பலகைகள் 81,258. அவை இன்றும் ஹேயின்சா விகாரையில் இருக்கின்றன. அவற்றை வைத்துள்ள கூடத்தில் யந்திரம் எதுவும் இல்லை. சாளரங்களை மேலும் கீழும் வெவ்வேறு அளவில் அமைத்துக் காற்றைச் சுழலச் செய்தனர்; மண்தரையின் கீழ் கரியும் சுண்ணாம்பும் உப்பும் இட்டு ஈரத்தைச் சமன்செய்தனர்.

அதே கொரியாவின் தென்பகுதி அரசில், 2025 செப்டம்பர் 26-ஆம் நாள், தேஜோன் நகரத்து அரசாங்கத் தரவு நிலையத்தில் மின்கலங்கள் தீப்பற்றின. அரசு ஊழியர்கள் தம் ஆவணங்களை வைத்திருந்த ஜி-டிரைவ் என்னும் தொகுப்பில் 858 டெராபைட் அளவு அழிந்தது. அது மிகப் பெரிதாதலின் வெளியூரில் படி எடுத்து வைக்கப்படவில்லை.

இவ்விரண்டையும் கேட்டு, மரம் வென்றது, கணினி தோற்றது என்று முடிவு செய்தல் தவறு. 1232-இல் எரிந்ததும் மரமே. முதற்பலகைகளும் எரிந்தன, ஜி-டிரைவும் எரிந்தது. இரண்டிலும் தீ ஒன்றே, மீட்சியே வேறு. கொரியப் பௌத்தர்க்குப் பாடத்தை மீண்டும் செதுக்குவதற்கு வேறு பிரதிகள் இருந்தன. மீண்டும் செதுக்கவேண்டும் என்னும் சிரத்தையும் இருந்தது. ஆதலின் பொருளின் உறுதியைவிடப் படிகளின் தொகையும், காப்போரின் விழிப்புமே நூலுக்கு ஆயுள் தருவன.

6. நாம் அடையும் முடிவு

கூட்டிச் சேர்க்கப்பட்டவை யாவும் அநித்தியம் என்பது நம் தம்மம். ஓலையும் அநித்தியம், தாளும் அநித்தியம், கணினியும் அநித்தியம். 'என்றும் அழியாத பொருள்' ஒன்றைத் தேடுவது, அழியாத ஆன்மாவைத் தேடுவது போன்ற வீண் வேலை. ஒரு விளக்கிலிருந்து மறு விளக்கை ஏற்றுவது போல, ஒரு தாங்கியிலிருந்து மறு தாங்கிக்குப் பாடத்தைத் தொடர்ந்து மாற்றிவருவதே காத்தல் என்பதாம். சுடர் தொடர்கின்றது, திரி மாறுகின்றது. புதுத் திரி பற்றி நின்று எரியுமுன் பழைய திரியை ஊதி அணைப்பது மதியன்று. அந்தத் தவற்றையே நாம் அன்று டிரங்குப் பெட்டி விஷயத்தில் செய்தோம்.

எனவே இளைஞரின் கேள்விக்கு நம் விடை இது: ஸ்கேன் செய்க, விரைந்து செய்க, ஆனால் தாளை எறியற்க. தாள் மூலமாகவும் சாட்சியாகவும் இருக்கட்டும்; மின்வடிவம் பரவுவதற்கும் தேடுவதற்கும் மறுபதிப்புக்கும் பயன்படட்டும்.

7. செய்ய வேண்டுவன

(1) முதலில் பட்டியல் எழுதுக. நூலின் பெயர், ஆண்டு, பக்கம், நிலை, கொடுத்தவர் பெயர் ஆகியவற்றைத் தடித்த நோட்டில் மையினால் எழுதி, கணினியிலும் ஏற்றுக.

(2) தாள்களைப் படுக்கையாக வைக்க. குண்டூசி, ரப்பர் வளையம், கிளிப் ஆகியவற்றை அகற்றுக. கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டற்க. அதன் பசை சில ஆண்டுகளில் தாளைக் கறையாக்கும். லாமினேஷன் செய்தல் கூடாது. செய்தபின் தாளைப் பிரித்தெடுத்தல் அரிது. அமிலமற்ற தாளில் சுற்றி, தரையிலும் வெளிச்சுவரிலும் படாதபடி வைத்து, மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை திறந்து பார்க்க. நேர்வெயிலில் உலர்த்தற்க.

(3) ஸ்கேன் செய்யும்போது வண்ணத்தில், அங்குலத்துக்கு 300 புள்ளிக்குக் குறையாமல் எடுக்க. அட்டை, விளம்பரம், வெற்றுப் பக்கம் எதனையும் விடற்க. மூலப்படத்தை டிஃப் வடிவிலும், படிப்பதற்குரியதைப் பி.டி.எஃப். வடிவிலும் வைக்க. தட்டெழுதுவதாயின் யூனிகோடிலேயே எழுதுக. வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைக் காப்புப் பிரதியாகக் கொள்ளற்க. அனுப்புகையில் படம் சுருக்கப்படுகின்றது.

(4) படிகள் மூன்றுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அவை இருவகைத் தாங்கிகளில் இருக்க வேண்டும். ஒன்றாவது வேற்றூரில் இருக்க வேண்டும். பெங்களூரில் ஒன்று, தங்கவயலில் ஒன்று, சென்னையில் ஒன்று என்று நம் சகோதரச் சங்கங்களிடையே பகிர்ந்துகொள்வது எளிதே.

(5) வைசாகப் பௌர்ணமி தோறும் எல்லாப் படிகளையும் திறந்து ஒப்பிடுக. ஒரு கோப்பு மாறாதிருக்கின்றதா என்பதைக் கணினியே சரிபார்க்க ஒரு முறை உண்டு. கோப்பின் உள்ளடக்கத்தினின்று ஒரு சிறு எண்ணைக் கணித்துக் குறித்துவைப்பது அது. ஓர் எழுத்து மாறினும் அவ்வெண் மாறிவிடும். பழைய பிக்ஷுக்கள் கூடி ஓதிய சங்கீதியை இம்முறை ஒருவாறு ஒத்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஹார்ட் டிஸ்கைப் புதிதாக மாற்றுக.

(6) கணக்கின் கடவுச்சொல்லை ஒருவரிடம் மட்டும் விடற்க. செயலாளர் ஒருவரும் வேறொருவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

(7) நம் வெளியீடு ஒவ்வொன்றையும் சென்னைக் கன்னிமாரா நூலகத்துக்கும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் தவறாது அனுப்புக. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவை நாட்டில் வெளியாகும் நூல்களைப் பெற்றுக் காக்கும் நூலகங்களாம்.

(8) யாவற்றினும் மேலானது படித்தல். எவரும் படிக்காத நூலை எவரும் பெயர்த்தெழுதார். எவரும் பெயர்த்தெழுதாத நூல் எப்பொருளில் இருப்பினும் அழியும். தங்கவயல் தொழிலாளர் 'தமிழன்' இதழைக் காத்தது, பாதுகாப்பு முறைகளைக் கற்றதனால் அன்று. அதில் தம் மானமும் வரலாறும் எழுதப்பட்டிருந்தமையை அவர்கள் உணர்ந்தமையாலேயாம்.

நம்மை வரலாறு அற்றவர் என்று பிறர் கூறிய காலம் உண்டு. அதற்கு மறுமொழியாக நம் முன்னோர் காட்டியவை அச்சுத் தாள்களே. அத்தாள்களை இழந்தோமாயின் மறுமொழியையும் இழப்போம். ஆகவே வாசகர் ஒவ்வொருவரும் இம்மாதமே தத்தம் வீட்டுப் பரணையும் பெட்டியையும் திறந்து பார்க்க. பாட்டனார் வைத்துப் போன பழைய இதழ், சங்க அறிக்கை, திருமணப் பத்திரிகை, கைப்பட எழுதிய பிரசங்கம் எதுவாயினும், அதனை எறியாமல் சங்கத்துக்குத் தெரிவிக்க. எடுத்துவர இயலாத முதியோர் சொல்லியனுப்பினால் நம் இளைஞர் நேரில் வந்து பட்டியல் எழுதிக்கொள்வர். கேள்வி எழுப்பிய இளைஞரே அப்பணியின் பொறுப்பை ஏற்க இசைந்துள்ளார் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கின்றோம்.

ஆராய்ச்சி வினாக்கள்

1. பாணகர் முறையில் அமைந்திருந்த மூன்று பாதுகாப்புகள் யாவை? அவற்றைக் கணினிப் படிகளுக்கு எவ்வாறு பொருத்தலாம்?
2. மகாநித்தேசத்தைப் பற்றிய வரலாறு நமக்குக் கற்பிப்பது என்ன?
3. குண்டலகேசி அழிந்ததற்கும் 'தமிழன்' தப்பியதற்கும் உள்ள காரண வேறுபாட்டை விளக்குக.
4. தாள் கெடும் விதத்துக்கும் சி.டி. கெடும் விதத்துக்கும் உள்ள வேற்றுமை யாது?
5. உங்கள் வீட்டிலுள்ள பழைய ஏடு ஒன்றை எடுத்து, அதன் பெயர், ஆண்டு, நிலை ஆகியவற்றை எழுதி அடுத்த பௌர்ணமிக் கூட்டத்துக்குக் கொண்டுவருக.